வான்கோழியும் ஒரு கைம்பெண்ணின் பேனாவும்

எங்கள் கல்லூரிக்கு அடுத்த வளவிலே ஓர் ஆரம்பப் பாடசாலை உண்டு. காலை எட்டரை மணிக்கு யான் நன்னூற் சூத்திரம் ஒன்றை எடுத்து விளக்கத் தொடங்கும் அதே வேளையில், மதிலுக்கு அப்பால் நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடத் தொடங்குவர். மேரி என்னும் சிறுமி ஒருத்தி ஆட்டுக்குட்டி ஒன்று வளர்த்தாள் என்பதும், அக்குட்டி ஒருநாள் அவளைப் பின்தொடர்ந்து பள்ளிக்கூடஞ் சென்றது என்பதும் அப்பாட்டின் பொருள். நம் நாட்டிலே ஆங்கில அரிச்சுவடி தொட்ட எவரும் இதனை அறிவர். தாலாட்டும் நாட்டார் பாடலும் போல இதுவும் ஆக்கியோன் பெயரின்றித் தானே தோன்றியது என யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அஃது அவ்வாறன்று. 1830ஆம் ஆண்டில் ஒரு கைம்பெண் இதனை எழுதினார். சாரா ஜொசீபா ஹேல் என்பது அவர் பெயர். அமெரிக்க மக்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றிலே குடும்பத்தோடு கூடியிருந்து, வான்கோழியை வாட்டி உண்டு கொண்டாடும் நன்றி கூறும் நாள் நாடு முழுவதற்கும் ஒரே நாளாக அமைந்ததும் அவ்வம்மையாரின் விடாமுயற்சியாலேயே.

யான் மரக்கறி உணவினன். வான்கோழி வாட்டும் முறையைப் பற்றி ஒரு பண்டிதன் எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். ஒருவருடைய வரலாற்றை எழுதுவோன் அவர் உண்டதையும் ஊட்டியதையும் மறைத்தெழுதுதல் முறையன்று. சங்கப் புலவர் வேந்தர் இட்ட ஊன் விருந்தை மறைத்தா பாடினர்?

அம்மையார் 1788ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 24ஆம் நாள், அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியாகிய நியூ இங்கிலாந்திலே, நியூ ஹாம்சயர் மாநிலத்து நியூபோட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அமெரிக்க விடுதலைப் போரிலே போர்புரிந்தவர். அக்காலத்தில் அந்நாட்டிலே பெண்களுக்குக் கல்லூரி இல்லை. தமையனார் ஹொறேஷியோ டாட்மத் கல்லூரிக்குச் சென்றார். விடுமுறைக்கு வீடு வரும்போதெல்லாம் தாம் அங்குக் கற்றவற்றைத் தங்கைக்குக் கற்பித்தார். இவ்வாறு இரவற் கல்வியாற் கற்றவர், பதினெட்டு வயதளவில் தம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாயினார். ஆட்டுக்குட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்த கதை ஆசிரியையின் பேனாவிலன்றிப் பிறிதெங்கே பிறக்கும்!

1813இலே டேவிட் ஹேல் என்னும் வழக்கறிஞரை மணந்தார். அவ்விருவரும் இரவு எட்டு மணி முதற் பத்து மணி வரை ஒன்றாக அமர்ந்து நூல் கற்பதை நாள் தவறாத நியமமாகக் கொண்டிருந்தனர். 1818இல் அம்மையாருக்குக் காசநோய் கண்டது. கணவர் அவரை வண்டியில் ஏற்றி, மலைப்பாங்கான இடங்களிலே ஆறு கிழமை உலாவி, நல்ல காற்றையும் திராட்சைப் பழத்தையுமே மருந்தாக ஊட்டினார், நோய் நீங்கிற்று. ஆனால் நோயிலிருந்து மனைவியை மீட்ட கணவர் 1822இலே நியூமோனியாவால் மாண்டார். நான்கு பிள்ளைகள் கையில். ஐந்தாவது பிள்ளை வயிற்றில். தந்தை இறந்து இரண்டு கிழமை அளவிலே அப்பிள்ளை பிறந்தது. அன்று உடுத்த கறுப்புடையை அம்மையார் பின்னர் வாழ்ந்த ஐம்பத்தாறு ஆண்டுகளும் களையவில்லை.

கணவரின் சகோதரியோடு சேர்ந்து பெண்களுக்குத் தொப்பி தைத்து விற்கும் கடை ஒன்றை நடத்திப் பார்த்தார். அத்தொழிலில் அவர் மனம் பொருந்தவில்லை. கணவர் உறுப்பினராயிருந்த சங்கத்தார் பொருளுதவி செய்ய 1823இலே ஒரு கவிதை நூல் வெளிவந்தது. பின்னர், கைக்குழந்தை கையிலிருக்க, வீட்டுவேலை முடிந்த நேரங்களிலே ஒரு நாவலை எழுதினார். நோத்வூட் என்னும் அந்நாவல் 1827இல் வெளிவந்தது. வடபுல வாழ்வையும் தென்புல வாழ்வையும் ஒப்பிட்டுக் காட்டும் அந்நூலிலே, நன்றி கூறும் நாள் விருந்துக்கென ஓர் அதிகாரம் முழுவதையும் அம்மையார் ஒதுக்கினார்.

அவ்விருந்து மேசையை யான் இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். வீட்டின் நடுக்கூடத்திலே நீண்ட மேசை. அதன்மேல் வெண்டுகில் விரிப்பு. மேசையின் தலைமாட்டிலே வாட்டிய வான்கோழி வீற்றிருக்கின்றது. அதன் வயிற்றினுள் இட்ட பூரணத்தின் மணம் கூடமெங்கும் பரவுகின்றது. கால்மாட்டிலே மாட்டிறைச்சியும், அதன் இருபாலும் பன்றித் தொடையும் ஆட்டிறைச்சியும். வாத்துகளும் தாராவும் தத்தமக்குரிய இடத்தில் உள. நடுவிலே கோழியிறைச்சியை மாவுப் போர்வையுள் வைத்துச் சுட்ட பெரும் பணியாரம். அப்பாற் பக்கமேசையிலே பூசணிப் பணியாரம், பழப்பாகுகள், ஊறுகாய் வகைகள், ஆப்பிள் மது முதலாயின. ஒரு வீட்டார் இத்தனையும் உண்டனரா என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவேன்: இதனை எழுதியவர் தொப்பி தைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஏழை. இல்லாதவர் எழுதும் விருந்திலே ஒரு கறியும் குறைவதில்லை.

இனி அப்பறவையை அடுப்பேற்றும் முறை. அம்மையார் வளர்ந்த காலத்து நியூ இங்கிலாந்து வீடுகளில் இக்காலத்து மூடிய சூளையடுப்பு இல்லை. சுவரோடு சேர்ந்த பெருங் கணப்படுப்பும் அதன்மேற் புகைபோக்கியும் உண்டு. அதுவே சமையலுக்கும் குளிர்காய்தற்கும் உரியது. பறவையை இரண்டொரு நாள் முன்னரே கொன்று, இறகு களைந்து, பூமயிரைத் தீயிற் பொசுக்கி, குடல் நீக்கிக் கழுவித் துடைத்துக் குளிரிலே தூக்கிவிடுவர். நவம்பர் மாதக் குளிர் அங்கே பனிக்கட்டிப் பெட்டியின் தொழிலைச் செய்யும். பழம்பாணை உதிர்த்த துகளோடு வெண்ணெய், உப்பு, மிளகு, முட்டை என்பவற்றையும், சேஜ், தைம் என்னும் வாசனைத் தழைகளையும், நம்மவர் மரு எனச் சுட்டும் தழையையும் பிசைந்து பூரணஞ் செய்வர். அதனைத் தொண்டைப் பையிலும் வயிற்றிலும் இட்டு, நூலாலே தைத்து, சிறகையும் காலையும் உடலோடு இறுகக் கட்டுவர். இட்ட பூரணம் வேகும்போது பருக்குமாதலின் நெருங்கத் திணித்தலாகாது. திணித்தால் தையல் வெடித்துவிடும்.

பின்னர் இருப்புக் கம்பியிலே கோத்தல். பொருநராற்றுப்படையிலே கரிகாலன் விருந்தைக் கூறுமிடத்து இத்தகைய கம்பியைக் காழ் என்னுஞ் சொல்லாற் புலவர் குறிப்பர். மாணவர் இச்சொல்லை நினைவில் வைத்தல் நன்று. நியூ இங்கிலாந்து மகளிர் இக்கம்பியை ஒரு தகரப் பெட்டியுள்ளே பொருத்தினர். அரைவட்டமாக வளைந்த அப்பெட்டியின் திறந்த பக்கம் தீயை நோக்கியிருக்கும். உட்புறம் பளபளவென்றிருத்தலால் தீயின் வெம்மை அதிற் பட்டுத் திரும்பிப் பறவையின் மறுபக்கத்தையும் சுடும். பின்புறத்துச் சிறு கதவைத் திறந்து நெய் வார்க்கலாம். கீழே வடியும் கொழுப்பு பெட்டியின் அடியிலே தங்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் யாழ்ப்பாணத் தமிழாக்கினால் தகரக் குசினி என வரும். பெட்டி வாங்க வசதியற்ற வீட்டார், கணப்படுப்பின் முன் உறுதியான கயிற்றிலே பறவையைத் தூக்கி, கயிற்றை முறுக்கி விடுவர். முறுக்கு அவிழுந்தோறும் பறவை சுழலும். கயிற்றை மீண்டும் முறுக்குவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

தொடக்கத்திலே தீக்குச் சற்று எட்ட வைத்தல் வேண்டும். அருகில் வைத்தால் தோல் கருகும், உள்ளே பச்சையாயிருக்கும். நெஞ்சுப்பகுதி விரைவிற் காய்ந்துவிடுமாதலின் அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளைக் கட்டுவர். முதலில் உப்புநீரும் வெண்ணெயும், பின்னர் வடிந்த கொழுப்பும் கரண்டியாலே மேலே வார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பத்து இறாத்தல் எடையுள்ள பறவைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் செல்லும். வெந்த பதத்தை அறிய மணிக்கூட்டை நம்பாது பறவையினின்று எழும் ஆவியை நோக்குவர். அவ்வாவி தீயை நோக்கி இழுபடத் தொடங்கினால் வெந்துவிட்டது என்பது அவர்தம் முடிபு. கடைசிக் கால்மணி நேரத்திலே தாளை நீக்கி, மாவைத் தூவி, வெண்ணெய் வார்த்து, தீயைக் கிளர்த்துவர்; அப்போது மேற்றோலிலே பொன்னிற நுரை படியும். ஈரலையும் இரைப்பையையும் வேவித்து நறுக்கிக் குழம்பிலே சேர்ப்பர். புளிப்புள்ள கிரான்பெரிப் பழத்தின் பாகு அருகே வைக்கப்படும்.

அப்பறவைகள் சந்தைக்கு வந்த வகையையும் சொல்லிவிடுகின்றேன். புகைவண்டி ஓடாத காலத்திலே, வேர்மொன்ற் மாநிலத்துக் குடியானவர் வான்கோழிகளைப் பெருங்கூட்டமாக நடத்தியே பொஸ்ரன் நகருக்குக் கொண்டு சென்றனர். பொழுது சாய்ந்ததும் அவை மரங்களில் ஏறிவிடும். அதன்பின் எவர் விரட்டினும் ஓரடி நகரா. மேய்ப்போரும் அம்மரத்தடியிலேயே படுத்துறங்கினர்.

பெயர் பற்றியும் ஒரு சொல். இப்பறவை அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டிலே ஸ்பானியர் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் இதற்குத் துருக்கியின் பெயரை இட்டனர். துருக்கியரோ இதனை இந்தியாவினது என்றனர்; பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே இந்தியக் கோழி என்றனர். ஒவ்வொருவரும் அயலவர் தலையிற் சுமத்தியது போலும்! நம் மூதுரையிலே மயிலின் ஆட்டங் கண்டு தானும் சிறகு விரித்தாடும் வான்கோழியை ஒளவையார் கூறுவதை எல்லோரும் அறிவோம். கொலம்பசுக்கு முன் அமெரிக்கப் பறவை தமிழகம் வந்திருத்தல் இயலாது. ஆகவே ஒன்று, அச்செய்யுளிற் குறித்த பறவை வேறாதல் வேண்டும். அன்றேல் அச்செய்யுள் பலரும் எண்ணுவதிலும் பிற்பட்டதாதல் வேண்டும். என் மாணவரிடம் இவ்வினாவை எழுப்பினால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இப்போது வரலாற்றுக்குத் திரும்புவோம்.

நோத்வூட் வெளிவந்த மறுவருடமே, பொஸ்ரனில் தொடங்கவிருந்த பெண்கள் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியப் பொறுப்பு அம்மையாரைத் தேடி வந்தது. ஊதியம் வேண்டும், ஊரிலிருந்தால் ஊதியம் இல்லை. கடைசிப் பிள்ளையை மட்டும் உடனழைத்துக்கொண்டு, ஏனைய பிள்ளைகளை உறவினர் பொறுப்பில் விட்டுப் புறப்பட்டார். குடும்பம் முழுவதும் ஒரு மேசையைச் சூழ்ந்திருக்கும் விருந்தைப் பாடிய கை, அந்நூல் வெளிவந்து ஓராண்டுக்குள் தன் குடும்பத்தையே பிரித்து வைக்க நேர்ந்தது. தூரத்திலுள்ள பிள்ளைகள் யாவரும் பெற்றோர் வீடு திரும்பும் நாள் ஒன்று நாட்டுக்கு வேண்டும் என்று அவர் பிற்காலத்திலே ஓயாது எழுதியதை, இதனை மனத்திற்கொண்டே யான் படிப்பது வழக்கம்.

1837இலே பிலடெல்பியாவைச் சேர்ந்த லூயி கோடே என்பார் அச்சஞ்சிகையை வாங்கித் தமது பத்திரிகையுடன் இணைத்தார். கோடேஸ் லேடிஸ் புக் என வழங்கிய அப்பத்திரிகைக்கு அம்மையார் நாற்பது ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். இளைய மகனின் ஹாவாட் படிப்பை முன்னிட்டுச் சில காலம் பொஸ்ரனிலிருந்தே அதனை நடத்தி, 1841இற் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1860 அளவில் அதன் படிகள் 150,000 விற்பனையாயின. 1839இலே அவர் சமையலும் இல்லறமும் பற்றி ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். ஆகவே அடுப்பங்கரையிலே அமெரிக்கப் பெண்கள் கேட்ட குரல்களுள் அம்மையாரின் குரல் முதன்மையானது என்பதில் ஐயமில்லை.

நன்றி கூறும் நாள் அக்காலத்தில் நியூ இங்கிலாந்து மாநிலங்களின் பழக்கமாகவே இருந்தது. ஒவ்வோர் ஆளுநரும் தாம் விரும்பிய நாளைக் குறிப்பர். முதற் சனாதிபதியாகிய வாஷிங்ரன் 1789இலே நாடு முழுவதற்கும் ஒரு நாளை அறிவித்தாராயினும் அது ஆண்டுதோறும் தொடரவில்லை. 1621இலே பிளிமத்திலே குடியேறியோர் அறுவடை முடிந்து மூன்று நாள் விருந்தயர்ந்தனர் என்பதும், வம்பனோவாக் என்னும் அந்நாட்டுப் பழங்குடியினர் ஐந்து மான்களோடு வந்து கலந்துகொண்டனர் என்பதும் உண்மை. அவ்விருந்தை நேரிற் கண்ட எட்வேட் வின்சுலோவின் கடிதத்தில் பறவைகள் என்ற அளவே உண்டு. வான்கோழி என்ற பெயர் இல்லை. வான்கோழி மேசையின் தலைமாட்டைப் பிடித்ததற்கு அக்குடியேற்றத்தாரினும் அம்மையாரின் பேனாவே பெரிதும் காரணம் என்பேன்.

வின்சுலோ என்றதும் நம்மவருக்கு வேறொருவர் நினைவு வரும். அம்மையார் பிறந்ததற்கு அடுத்த ஆண்டிலே, பக்கத்து மாநிலமாகிய வேர்மொன்றிலே பிறந்து, யாழ்ப்பாணம் வந்து மிஷன் பணிபுரிந்து, 1862இலே சென்னையில் தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்சுலோவே அவர். அவ்வகராதி இன்றும் என் மேசையிலுள்ளது. அவர் மனைவியார் ஹரியெற் வின்சுலோ 1824இலே உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். பெண் படித்தல் வேண்டும் என்று அம்மையார் அங்கே எழுதத் தொடங்குமுன்னரே, அதே மண்ணிற் பிறந்தோர் இங்கே பெண்களுக்கு எழுத்தறிவித்துக் கொண்டிருந்தனர்.

1846 தொடங்கி அம்மையார் ஆண்டுதோறும் தம் பத்திரிகையிலே நன்றி கூறும் நாளை வற்புறுத்தினார். நவம்பர் மாதத்து இறுதி வியாழக்கிழமையே அது என நாளையும் தாமே குறித்தார். அதற்கு முந்திய இதழ்களிலே வான்கோழிக்கும் பூசணிப் பணியாரத்துக்கும் உரிய செய்முறைகள் வரும். அவற்றோடு ஆசிரியர் கட்டுரையும் வரும். ஆளுநர் ஒவ்வொருவருக்கும் தம் கைப்பட மடல் எழுதினார். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இசைந்தன. ஆயினும் தென்புலத்தார் சிலர் இதனை அடிமை ஒழிப்பு வேண்டும் வடபுலத்தாரின் சூழ்ச்சி எனக் கண்டனர். 1856இலே வேர்ஜீனியா ஆளுநர் ஹென்றி வைஸ் ஏளனத்தோடு மறுத்துவிட்டார். சனாதிபதிகளான ரெயிலர், பில்மோர், பியர்ஸ், புக்கானன் என்னும் நால்வருக்கும் எழுதினார், நால்வராலும் ஆகவில்லை. 1861இலே நாடு இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போர் மூண்டது.

ஒரே நாளில் ஒரே உணவை உண்டால் நாடு பிரியாது என்ற அம்மையாரின் நம்பிக்கையைப் போர் பொய்யாக்கியது. அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை. 1863ஆம் ஆண்டு யூலையிலே கெற்றிஸ்பேர்க்கில் பல்லாயிரவர் மாண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 28ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதை அணுகிக்கொண்டிருந்த அம்மையார் சனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்கு மடல் வரைந்தார். ஐந்தாம் நாள், ஒக்ரோபர் 3இல், லிங்கனின் அறிவித்தல் வெளிவந்தது: நவம்பர் மாதத்து இறுதி வியாழன் நாடு முழுவதற்கும் நன்றி கூறும் நாள். போரில் விதவையரானோரையும் தந்தையை இழந்த பிள்ளைகளையும் அவ்வறிவித்தல் மறவாது குறித்தது. நாற்பத்தோராண்டு கறுப்புடையில் வாழ்ந்த ஒருவர் அதனை எவ்வாறு வாசித்திருப்பார் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்க. அடுத்த ஆண்டு நியூயோர்க் யூனியன் லீக் கழகத்தார் போர்முனையிலிருந்த வடபுலப் படைவீரர்க்கு நன்றி கூறும் நாள் விருந்துக்கென வான்கோழிகளைத் திரட்டி அனுப்பினர். படைவீட்டிலும் அப்பறவை நுழைந்தது.

அம்மையாரிடம் குறையில்லை என யான் சொல்லேன். போர் நடந்த நான்காண்டிலும் அவர் பத்திரிகை போரைப் பற்றி வாய் திறவாதிருந்தது என்றே கூறலாம். அடிமை முறையை அவர் வெறுத்தாராயினும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆபிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்புதலே தீர்வு என எண்ணினார்; தாம் பிறந்த மண்ணிலேயே பந்தியிலமரும் உரிமை அவர்க்கும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. பெண் ஆசிரியராகலாம், மருத்துவராகலாம் என வாதாடியவர், பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார். வாசர் பெண்கள் கல்லூரியின் பெயரிலே பெண்பாலைச் சுட்டும் சொல் இழிவு தருவது என வாதாடி, 1867இலே அதனை நீக்கச் செய்தவரும் இவரே. ஒருவரிடத்திலேயே இவ்விரண்டும் இருந்தன. பழங்குடியினர் நிலமிழந்ததை அவ்விருந்து மேசை மறைக்கின்றது என்ற குற்றச்சாட்டும் உண்டு. 1970 முதல் பிளிமத்திலே அதே நாளைத் துக்க நாளாக அனுட்டிப்போர் உளர்.

இவ்விடத்து அம்மையாரின் மகன் ஒருவரைக் குறியாது செல்ல மனம் வரவில்லை. மாமன் பெயரையே தாங்கிய ஹொறேஷியோ ஹேல் மொழிநூல் வல்லுநர். 1838இலே புறப்பட்ட அமெரிக்கக் கடலாய்வுக் குழுவிலே மொழியாராய்ச்சியாளராகச் சென்று பசிபிக் தீவினரின் மொழிகளை எழுதிவந்தார். முதுமையிலே இரோகுவா என்னும் பழங்குடியினரின் சடங்குரைகளை அவர்தம் மொழியிலேயே தொகுத்து 1883இல் வெளியிட்டார். தாயார் தம் விருந்திலே இடமளிக்க எண்ணாத மக்களின் சொற்களை மகன் செவிமடுத்து எழுதி வைத்தார். எங்கள் மாணவர்க்குக் கால்டுவெல்லைக் கற்பிக்கும்போது இவரையும் யான் சொல்வதுண்டு.

1877ஆம் ஆண்டு டிசெம்பரிலே, எண்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் வாசகரிடம் விடைபெற்றுப் பேனாவைக் கீழே வைத்தார். அதே ஆண்டிலே எடிசன் தாம் கண்டுபிடித்த ஒலிப்பதிவுப் பொறியைச் சோதிக்கும்போது அதனுள் உரைத்தது மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டு. 1879 ஏப்பிரல் 30இல் பிலடெல்பியாவிலே அம்மையார் காலமானார். அந்நகரத்து லோரல் ஹில் இடுகாட்டிலே அவர் உடல் கிடக்கின்றது. நன்றி கூறும் நாள் சட்டமாதல் வேண்டும் என்று அவர் கேட்டது 1941ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அம்மையார் கேட்டது இறுதி வியாழன்; சட்டம் விதித்தது நான்காம் வியாழன். நவம்பரில் ஐந்து வியாழக்கிழமை வரும் ஆண்டுகளிலே, அவர் குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகவே வான்கோழி அடுப்பேறிவிடும்.